கீழ்விளிம்பில் குழந்தைகள்: குவேக்கர் சித்திரச்சீலை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், சாமர்செட் மாவட்டத்தைச் சேர்ந்த டாண்டன் நகரில், 1981ஆம் ஆண்டு ஆன் வின்-வில்சன் என்ற பெண்மணி குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் சிறுவர் வகுப்பை நடத்திவந்தார். நம் ஊர்த் தேவாலயங்களில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியைப் போன்றதுதான் அது. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத, ஞாயிற்றுக்கிழமை காலையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள் மட்டும் வந்துபோகிற சின்னஞ்சிறு வகுப்பு. அங்கே 11 வயதுச் சிறுவன் ஒருவனோடு நடந்த பேச்சிலிருந்து, தங்கள் சபையின் கதையைப் படமாகச் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 15 ஆண்டுகள் கழித்து, 1996இல், அது குவேக்கர் சித்திரச்சீலை என்ற பெயரில் 77 தையற்படங்களாக நிறைவு பெற்றது. 15 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பேர், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக, அதன் ஆக்கத்தில் பங்கேற்றிருந்தனர். தொடங்கிவைத்த சிறுவனுக்கு அப்போது 26 வயது ஆகியிருக்கும்.

தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து துணியில் ஒரு படைப்பைச் செய்ய முனையும்போது, வேலை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. பிள்ளைக்கு ஒரு சதுரத் துணி கொடுக்கப்படுகிறது. பிள்ளை அதில் எதையோ வரைகிறது அல்லது ஒட்டுகிறது. தையல் தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் இரவோடு இரவாக இணைக்கிறார். ஆண்டு விழாவில் அது மேடைக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் பிறகு சுருட்டி அலமாரியின் மேல் வைக்கப்படுகிறது. இதில் கூட்டு என்பது இணைத்துத் தைத்த அந்த ஒருவரின் உழைப்பில் மட்டுமே இருக்கிறது. குவேக்கர் சித்திரச்சீலை ஒரு பள்ளிக்குள் நடந்த முயற்சி அன்று. ஆயினும், தையல் அறியாத பெருங்கூட்டம் ஒன்று குழந்தைகளின் கோடுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே படைப்பை எப்படிச் செய்து முடித்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன். அதன் வெற்றிக்குக் காரணம் பங்கேற்றோரின் ஆர்வம் என்று சொல்வது எளிது. ஆர்வம் எல்லா முயற்சிகளிலும் முதல் மாதத்தில் இருக்கத்தான் செய்கிறது. இங்கே 15 ஆண்டுக்கும் தாக்குப்பிடித்தவை முன்கூட்டியே வகுக்கப்பட்ட சில கட்டுப்பாடுகள். அவற்றைத்தான் இந்த ஆய்வு எடுத்துப் பார்க்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் இதை டேப்பஸ்ட்ரி என்று அழைக்கிறார்கள். உண்மையான டேப்பஸ்ட்ரி என்பது தறியில் ஊடுநூலாலேயே உருவத்தை நெய்து எடுப்பது. இதுவோ நெய்து முடித்த துணியின் மேல் ஊசியால் செய்த பூத்தையல். பிரான்சின் பேயூ நகரில் உள்ள 11ஆம் நூற்றாண்டுச் சீலையும் அவ்வாறே தவறான பெயரோடு உலகப் புகழ் பெற்றுவிட்டதால், அதை முன்மாதிரியாகக் கொண்ட இதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழில் சித்திரச்சீலை என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

வெறுஞ்சுவரின் மக்கள்

இந்தப் படைப்பு எவ்வளவு விந்தையானது என்பதை உணர, குவேக்கர்கள் யார் என்பதைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உள்நாட்டுப் போரால் கலங்கிக் கிடந்த இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சூழ்ந்து உருவான சபை இது. பாதிரியார் இல்லை, பீடம் இல்லை, பாடகர் குழு இல்லை. வழிபாடு என்பது ஒரு கூடத்தில் அமைதியாகச் சேர்ந்து உட்கார்ந்திருப்பதுதான். யாருக்கேனும் பேச உள்ளத்தில் உந்துதல் தோன்றினால் எழுந்து பேசலாம். தொடக்க காலக் குவேக்கர்கள் ஓவியத்தையும் இசையையும் நாடகத்தையும் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கினர். உடையிலும் வீட்டிலும் எளிமையைக் கடைப்பிடித்தனர். அவர்களுடைய கூடுகை இல்லங்களின் சுவர்களில் சிலுவைகூடக் கிடையாது. 300 ஆண்டுகளுக்கும் மேலாக வெறுஞ்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு சபைக்குள் வண்ணக் கம்பளி நூலால் படம் தைக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், அது சிறுவர் வகுப்பிலிருந்து கிளம்பியதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் கூடத்தில் மௌனமாக இருக்கும்போது, பிள்ளைகள் சிறிது நேரம் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது அவர்களுடைய வழக்கம். அந்தச் சபையில் வண்ணப் பென்சிலும் கத்தரிக்கோலும் நியாயமாகப் புழங்கிய இடம் அந்த அடுத்த அறை ஒன்றுதான்.

குவேக்கர் வரலாற்றில் குழந்தைகளுக்கு வேறொரு கனமான இடமும் உண்டு. அரசின் சட்டம் அவர்களுடைய கூட்டங்களைத் தடை செய்திருந்த நாட்களில், 1682இல் பிரிஸ்டல் நகரின் பெரியவர்கள் சிறையில் அடைக்கப்பட்டபோது, பிள்ளைகளே கூடி வழிபாட்டை விடாமல் நடத்தினர். அதற்காகக் காவலர்களிடம் அடியும் வாங்கினர். அந்தச் சபையின் நினைவில், கூட்டத்தைக் காப்பாற்றியவர்கள் என்ற பெயர் குழந்தைகளுக்கு இருக்கிறது. ஒரு சிறுவனின் பேச்சைப் பெரியவர்கள் செவிமடுத்துச் செயலாக்கினார்கள் என்பதில் நமக்கு எழும் வியப்பு அவர்களுக்கு அவ்வளவாக எழுந்திருக்காது.

முடிவெடுக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. குவேக்கர்கள் தங்கள் கூட்டங்களில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. எல்லாரும் பேசிக் கேட்டு, கூட்டத்தின் உணர்வு எங்கே நிற்கிறது என்பதைக் கூட்டத்தை நடத்தும் எழுத்தர் கண்டு சொல்லும்வரை காத்திருப்பார்கள். விரைவாக ஒன்றைச் செய்து முடிக்க நினைப்பவருக்கு இது எரிச்சலூட்டும் வழி. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு கூட்டு வேலைக்கு, தோற்ற தரப்பு என்று ஒன்று உருவாகாத இந்த வழியைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது.

அளவும் தையலும்

ஆன் வின்-வில்சன் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது பேயூ சீலையை முன்மாதிரியாகக் கொண்டது என்று பலரும் சொல்வார்கள். என் கணிப்பில், அதைவிட முக்கியமானது அந்த முன்மாதிரியில் எதை அவர் கைவிட்டார் என்பது. பேயூ சீலை ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உடைய ஒரே நீண்ட பட்டை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதையை இடமிருந்து வலமாகத் தொடர்ந்து சொல்வது. அதைச் செய்ய வேண்டுமென்றால் தைப்பவர்கள் ஓரிடத்தில் கூட வேண்டும். குவேக்கர் சீலையோ தனித்தனிப் படங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 25 அங்குல அகலமும் 21 அங்குல உயரமும் உடையது. ஒரு சாப்பாட்டு மேசையின் மூலையில் சட்டத்தை வைத்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து தைக்கக்கூடிய அளவு அது. ஒரு குழுவின் வேலை நின்றுபோனாலும் மற்றக் குழுக்களின் வேலை நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 77 படங்களையும் பக்கம்பக்கமாக வைத்தால் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம் வரும். பேயூ சீலையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். 4,000 பேரை 77 படங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு படத்துக்குச் சராசரியாக 52 பேர். ஒரு படத்தின் பரப்பு 525 சதுர அங்குலம் என்பதால், ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 சதுர அங்குலம், அதாவது ஒரு சிறுவனின் உள்ளங்கையளவு. சராசரி என்பது சராசரிதான். இப்படிப்பட்ட வேலையில் மாதக்கணக்கில் குனிந்து தைப்பவர்களும் இருப்பார்கள், போகிறபோக்கில் ஒரே ஒரு தையல் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் பங்கேற்பின் அலகு உள்ளங்கையளவாகச் சிறுத்திருந்ததால்தான் அத்தனை பேர் அதற்குள் வர முடிந்தது.

துணியும் நூலும் குழுக்களின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. இதற்கென்றே நெய்யப்பட்ட கம்பளித் துணி. அதன் மேல் தைக்கக் கம்பளி நூல். நமக்குக் கம்பளியில் பூத்தையல் என்பது பழக்கமில்லாதது. பட்டு நூலும் பருத்தி நூலுமே நம் கைக்கு வந்தவை. கம்பளி நூல் சற்றுத் தடிமனாகவும் சுணையோடும் இருப்பதால், பிசிறான தையலைக்கூட ஓரளவு மூடிக்கொள்ளும். பழகாத கைகள் நிறைந்த வேலைக்கு அது இரக்கமுள்ள நூல்.

தையல் வகைகள் ஆறு மட்டுமே. நம் தையல் வகுப்புகளில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் அவற்றில் இரண்டு. முந்தைய தையலின் நூலையே ஊசியால் பிளந்துகொண்டு மேலேறும் பிளவுத் தையல் மூன்றாவது. புள்ளி புள்ளியாக மேடு எழுப்பும் முடிச்சுத் தையல் நான்காவது. அதை அங்கே பீக்கிங் முடிச்சு என்பார்கள். ஐந்தாவது பேயூ முறை: நிரப்ப வேண்டிய பரப்பின் மேல் நூலை நெருக்கமாக இணைகோடுகளாகக் கிடத்தி, அவற்றின் குறுக்கே இடைவெளி விட்டு நூல்களைப் போட்டு, அந்தக் குறுக்கு நூல்களைச் சின்னச் சின்னத் தையல்களால் துணியோடு பிடித்துக் கட்டுவது. நூலில் பெரும்பகுதி துணியின் மேற்பக்கத்திலேயே கிடப்பதால் நூல் மிச்சமாகும். பரப்பும் விரைவில் நிரம்பும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு நீளத்தைத் தைத்தவர்கள் இந்த முறையைத் தேர்ந்ததற்குச் சிக்கனமே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஆறாவது தையலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சீலை முழுவதும் எழுத்துகள் வருகின்றன: பெயர்கள், ஆண்டுகள், சிறு வாசகங்கள். சிறிய எழுத்துகளின் இறுக்கமான வளைவுகளைப் பழைய தையல்களால் துல்லியமாகப் போடுவது எளிதன்று. அதற்காகவே, கயிறு முறுக்கியதுபோல் எழும்பி நின்று, வளைவில் உடையாமல் திரும்பும் ஒரு புதுத் தையலை ஆன் வின்-வில்சன் உருவாக்கினார். அது இன்று குவேக்கர் தையல் என்றே அறியப்படுகிறது. நோக்கம் முதலில், நுட்பம் அதன் பின்னர் என்ற வரிசையில் பிறந்த தையல் அது. புதுமைக்காகப் புதுமை செய்தால் இவ்வளவு உறுதியான ஒன்று கிடைத்திருக்காது.

முகங்களுக்கு ஒரு விதி இருந்தது. முகத்தையும் கைகளையும் வெளிக்கோட்டால் மட்டும் காட்டி, உள்ளே துணியை வெறுமையாக விட்டுவிட வேண்டும். உடைகளை மட்டும் நிறைத்துத் தைக்க வேண்டும். இது பேயூவிலிருந்து வந்த வழக்கம்தான். ஆனால் கூட்டு வேலையில் அது வேறொரு பயனைத் தந்தது. பூத்தையலில் கை தேர்ந்தவரையும் தேராதவரையும் உடனே பிரித்துக் காட்டிக்கொடுப்பது முகத்தின் சதைநிறமும் நிழலும்தான். அதை விதியாலேயே நீக்கிவிட்டதால், நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் தைத்த படமும் போன மாதம் கற்றுக்கொண்டவர் தைத்த படமும் ஒரே சீலையின் பகுதிகளாக நிற்கின்றன.

கீழ்விளிம்பு

ஒவ்வொரு படமும் கிடைமட்டமாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் முதன்மைக் காட்சி. மேலும் கீழும் விளிம்புப் பட்டைகள். பேயூ சீலையிலும் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு உண்டு. அங்கே பறவைகளும் விலங்குகளும் நீதிக்கதைக் காட்சிகளும், போர் முற்றும் இடத்தில் வீழ்ந்த வீரர்களின் உடல்களும் வருகின்றன. குவேக்கர் சீலையின் பல படங்களில் கீழ்விளிம்பு குழந்தைகள் வரைந்த சித்திரங்களுக்கென ஒதுக்கப்பட்டது.

இந்த ஆய்வில் நான் அதிகம் தங்க விரும்பும் இடம் இதுவே. நடுக்காட்சியில் தொப்பியணிந்த மனிதர்களும் சிறைக்கம்பிகளும் கப்பல்களும் ஒழுங்கான அளவோடு நிற்க, அவற்றின் காலடியில் தலை பெருத்து உடல் சிறுத்த மனிதர்களும், பக்கவாட்டில் பார்க்கும்போதும் எல்லாக் கால்களையும் காட்டுகிற விலங்குகளும் ஊர்ந்து போகும் உலகம் அது. ஒரு பிள்ளை கிரயான்ஸில் ஒரு நொடியில் இழுத்துவிடும் கோட்டை ஊசியால் பின்தொடர ஒரு மாலைப்பொழுது தேவைப்படும். அந்த நேரம் முழுவதும் தைப்பவரின் கை ஒரு சோதனையில் இருக்கிறது. கோணலான சக்கரத்தை வட்டமாக்கிவிடலாம், மூன்று விரலுள்ள கைக்கு இன்னும் இரண்டைச் சேர்த்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பூத்தையல் பழகிய கைக்கு நேராக்கும் ஆசை இயல்பானது, ஏனென்றால் அதன் பயிற்சியே கோணலை நேராக்குவதுதான். கீழ்விளிம்பைத் தைப்பவர் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குத் தெரியாததற்கு உட்படுத்தித் தைக்க வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் ஆசிரியர்கள் திருத்தாமல் விடுவதற்கு எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கடினம் புரியும்.

ஆனால் இதே இடத்தில்தான் இந்த முயற்சியின் மேல் ஒரு குறையையும் வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கென்று இடம் ஒதுக்கப்பட்டபோது அது விளிம்பில் ஒதுக்கப்பட்டது. நடுக்காட்சியில் எந்த நிகழ்வு வர வேண்டும், யார் நாயகர் என்பவை பெரியவர்களின் முடிவுகளாகவே இருக்கின்றன. ஜார்ஜ் ஃபாக்ஸ், அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராக நடந்த ஜான் உல்மன், சிறைச் சீர்திருத்தம் செய்த எலிசபெத் ஃப்ரை என்று நடுப்பகுதி பெரியோர் வரலாறாக விரிகிறது. பிள்ளைகள் அதற்கு அடிக்குறிப்பு எழுதுகிறார்கள். தன் சபையின் கதையை ஒரு சிறுவன் தானே தேர்ந்து சொல்லியிருந்தால் 77 நிகழ்வுகளும் இவையாகவே இருந்திருக்குமா என்பது ஐயமே. மாறாக ஒன்றும் சொல்லலாம்: விளிம்பு என்ற வரையறை இருந்ததால்தான் அங்கே எவரும் தலையிடவில்லை. நடுவில் வைத்திருந்தால், மரியாதை கருதியே அந்தச் சித்திரங்கள் செப்பனிடப்பட்டிருக்கும். இரண்டில் எது சரியென்று தீர்க்க என்னால் இயலவில்லை; ஆனால் பள்ளியில் இத்தகைய வேலையைத் தொடங்குபவர்கள் இந்தக் கேள்வியை முதல் நாளிலேயே மேசை மேல் வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெயர்கள்

சீலையின் படங்களில் ஒன்று எலிசபெத் ஃப்ரையைப் பற்றியது. 1813இல் லண்டனின் நியூகேட் சிறைக்குள் முதன்முறையாகச் சென்ற அவர், அங்கிருந்த பெண்களின் நிலையைக் கண்டு, சில ஆண்டுகளில் சிறைக்குள்ளேயே அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும், பெண்களுக்குத் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண்களுக்குக் கப்பலேறும்போது ஊசி, நூல், துண்டுத் துணிகள் அடங்கிய பைகள் அவருடைய குழுவினரால் கொடுக்கப்பட்டன. 1841இல் ராஜா என்ற பெயர் கொண்ட கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்கள், அந்தப் பயணத்தின் போதே 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய ஒட்டுத்துணி விரிப்பைத் தைத்தனர். அது இன்று கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கப்பலின் பெயரும், துணி கொடுத்த குழுவினருக்கான நன்றியும் அதில் அழகாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. தைத்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.

பேயூ சீலையைத் தைத்தவர்கள் யார் என்பதும் எவருக்கும் தெரியாது. அதற்கு ஒரு மாற்று 19ஆம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்தின் லீக் என்ற ஊரில் எலிசபெத் வார்டில் என்பவர் தலைமையில் பெண்கள் கூடிப் பேயூ சீலைக்கு முழு அளவில் ஒரு நகலை 1880களில் தைத்தனர். ஒவ்வொருவரும் தாம் தைத்த பகுதியின் கீழ்த் தம் பெயரை ஊசியால் எழுதினர். அது இப்போது ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலத்தில் இல்லாத ஒன்று நகலில் இருக்கிறதென்றால் அது அந்தப் பெயர்கள்தான்.

கூட்டுப் படைப்பில் பெயரை எங்கே வைப்பது என்பது அலங்காரப் பிரச்சினையாகத் தோன்றினாலும், வேலையின் போக்கையே மாற்றக்கூடியது. பெயர் முன்பக்கம் வந்தால் ஒவ்வொருவரும் தம் துண்டை மட்டும் பார்ப்பார்கள். எங்குமே வராவிட்டால், பிற்காலத்தில் தலைமை தாங்கியவரின் பெயர் மட்டுமே நிலைக்கும். இந்தச் சீலையைப் பற்றிப் பேசும் நானும் ஆன் வின்-வில்சன் என்ற ஒரு பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் படிப்பவர் கவனித்திருப்பார்.

சென்னையிலிருந்து ஒரு நூலிழை

குவேக்கர்களுக்கும் நம் பள்ளிகளுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தம் இல்லத்தில் வகுத்து, இங்கிலாந்து திரும்பியபின் மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரப்பினார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அதே காலத்தில் லண்டனில், 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் ஒரு குவேக்கர். அவரும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டார். இருவரில் யார் முறை முந்தியது என்பது குறித்து அவர்களுடைய ஆதரவாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டனர்.

ஆறு தையல்களும் 15 நாடுகளுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஓர் ஆசிரியர் எல்லாருக்கும் கற்பிப்பது நடக்காது. கற்றவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அவருக்கு அடுத்தவருக்கு என்றுதான் அது பரவ முடியும். தையல் என்ற கலையே பள்ளிக்கு வெளியில் அப்படித்தான் பரவி வந்திருக்கிறது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் பக்கத்துத் திண்ணையிலிருந்து இந்தத் திண்ணைக்குத்தான் அது அதிகம் நகர்ந்திருக்கிறது. ஆறு என்ற எண்ணிக்கை இங்கே மீண்டும் முக்கியமாகிறது. இருபது தையல்கள் இருந்திருந்தால் மூன்றாவது கைக்குப் போகும்போதே வடிவம் மாறியிருக்கும்.

காலமும் இடமும்

15 ஆண்டுகள் என்பது ஒரு தொடக்கப் பள்ளிக்கு மூன்று தலைமுறை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாண்டில் வெளியேறிவிடும். குவேக்கர் சபை போன்ற, பிறப்பு முதல் இறப்பு வரை மக்கள் சேர்ந்தே இருக்கும் ஓர் அமைப்பு தாங்கக்கூடிய கால அளவை, மாணவர்கள் ஓடும் நீராகக் கடந்துபோகும் ஒரு பள்ளியால் தாங்க முடியாது என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து படங்கள் என்ற வேகத்தில்தான் இந்தச் சீலை வளர்ந்தது. பள்ளி ஒன்று ஆண்டுக்கு ஒரே ஒரு படத்தை, அதே அளவில், அதே சில தையல்களில் செய்துவந்தால், பத்தாண்டில் பத்துப் படங்கள் இருக்கும். போன பிள்ளைகள் தம் தம்பி தங்கைகளைக் கொண்டுவிட வரும்போது அவற்றைச் சுவரில் பார்ப்பார்கள். ஒரே ஆண்டு விழாவுக்காக ஒரு மாபெரும் துணியைச் செய்வதைக் காட்டிலும் இது சின்ன இலக்காகத் தெரியலாம். சின்ன இலக்குதான்.

படங்கள் 1994 முதல் இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியா மாவட்டத்துக் கெண்டால் நகரில், 1816இல் கட்டப்பட்ட குவேக்கர் கூடுகை இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வட்டாரத்தில்தான் 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் மலைச்சரிவில் நின்று பெருங்கூட்டத்துக்குப் பேசினார். கெண்டால் பழைய கம்பளி நெசவு நகரமும்கூட. அதன் பெயரால் ஒரு பச்சைத் துணி இங்கிலாந்து எங்கும் விற்றது. துணியே எனக்குச் சோறு என்று பொருள்படும் லத்தீன் வாசகம் நகரின் இலச்சினையில் இருக்கிறது. நம் காஞ்சிபுரமோ சின்னாளப்பட்டியோ அப்படி ஒரு வாசகத்தைப் பொறித்துக்கொண்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பள்ளிக்குள் கொண்டுவரும்போது

இந்த நிகழ்வை அப்படியே பெயர்த்து ஒரு தொடக்கப் பள்ளியில் நட முடியாது என்பதற்கு முதற்காரணம் ஊசி. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் கையில் கூர்மையான ஊசியைக் கொடுப்பதற்கு ஆசிரியர்கள் தயங்குவது சரியே. கோணியிலோ அகலக் கண்ணுள்ள துணியிலோ, முனை மழுங்கிய பெரிய ஊசியாலும் கம்பளி நூலாலும் ஓட்டுத் தையல் போடுவது அந்த வயதுக்கு இயலும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். ஆகவே பிள்ளைகள் வரைய, பெரியவர்கள் தைப்பது என்ற பிரிவினையை வயதுக்கேற்பத் தளர்த்தலாம். சின்னவன் வரைந்ததை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தைக்கலாம். பெல்லும் லங்காஸ்டரும் சண்டையிட்ட முறைதான் அது.

இரண்டாவது, கதையைத் தேர்வது. குவேக்கர்களுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு கையில் இருந்தது. பள்ளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் நிறுவியவரின் பெயரையும் ஆண்டையும் சொல்வார்கள். பிள்ளைகளைக் கேட்டால் சத்துணவுக் கூடத்துப் பூனை, மழை பெய்தால் ஒழுகும் மூலை, மணி அடிக்கும் தண்டவாளத் துண்டு என்று வரும். இவற்றில் எது நடுவில், எது விளிம்பில் என்பதை முடிவுசெய்யும் கூட்டத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாக்கெடுப்பு வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வாக்கெடுப்பில் பூனை எப்போதும் வென்றுவிடும், தோற்ற பிள்ளைகள் நூலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, மூலச் சித்திரங்கள். துணியில் தைத்து முடிந்ததும் பிள்ளை வரைந்த தாள் கசங்கிக் குப்பைக்குப் போய்விடக் கூடாது. தைத்தவர் எங்கே பின்பற்றினார், எங்கே தம்மையறியாமல் திருத்தினார் என்பது தாளையும் துணியையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். படத்தின் பின்பக்கத்தில் உள்துணிக்கு அடியில் அந்தத் தாள்களைத் தட்டையாக வைத்துத் தைத்துவிடலாம். அதே உள்துணியின் மேல், ஒரே ஒரு தையல் போட்ட பிள்ளை உட்பட, எல்லாருடைய பெயர்களையும் துணிப்பேனாவால் எழுதிவிடலாம். முன்பக்கம் பெயரில்லாத படம் தொங்கும். திருப்பிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக அது சுவரோடு ஆணியடிக்கப்படாமல், மேலே ஒரு கம்பில் மட்டும் கோக்கப்பட்டிருக்க வேண்டும்.